இட்டி அச்சுதன் ஒப்படைத்த வித்தை

செப்புக்குள் வைத்த பந்து மறைவதையும் வெறுங்கையிலிருந்து அது மீண்டும் தோன்றுவதையும் கண்டு கூட்டம் வியந்து நிற்கும்போது, அருகில் நிற்பவன் ஒருவன் அதன் சூட்சுமத்தைக் கூவிச் சொல்லிவிட்டால், அந்தக் கணத்தில் வித்தை அழிந்துபோகிறதேயன்றிக் கேட்டவருள் எவரும் வித்தைக்காரர் ஆகிவிடுவதில்லை. மலையாள நாட்டு ஜாலவித்தையின் தந்தை என்று போற்றப்பெற்ற வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) அதே சூட்சுமத்தைத் தம் சீடர்களுக்குச் சொன்னார். சொல்லோடு கைப்பழக்கமும், பழக்கத்தோடு வித்தையைக் காக்கும் பொறுப்பும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தமையால் அது கற்பித்தல் ஆயிற்று. இரகசியத்தை உடைப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் உள்ள இந்த வேற்றுமையைச் சிந்திக்கும்போதெல்லாம், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கொச்சியில் கூடிய நான்கு வைத்தியர்களே என் நினைவில் எழுகின்றனர்.

அந்நாளில் வைத்தியமும் மறைத்துக் காக்கப்பெற்ற வித்தையே. நம் சித்த வைத்திய நூல்கள் சரக்குகளின் பெயர்களைப் பரிபாஷை என்னும் மறைமொழியால் மூடி வைத்தன. மூடியதைத் திறக்கத் தெரிந்தவனுக்கும் கைபாகமும் செய்பாகமும், அதாவது மருந்து செய்யும் கைத்திறனும் முறையும், குருமுகமாகவே கிட்டின. இம்மறைப்புக்குக் குடும்பத்தின் ஜீவனம் ஒரு காரணமாயினும், அதனினும் மேலான காரணம் ஒன்று உண்டு. மலையாளத்தார் காஞ்சிரம் என்று வழங்கும் எட்டியின் கொட்டை, முறையறிந்து சுத்தி செய்தவன் கையில் மருந்தாகும். பெயரை மட்டும் கேட்டறிந்தவன் கையில் உயிர்கொல்லும் நஞ்சாகும்.

டச்சுக்காரர் போர்த்துக்கீசியரை வென்று கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டது 1663-ஆம் ஆண்டில். கோட்டைக்கு அடுத்த மட்டாஞ்சேரியில், போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கட்டி அரசருக்கு அளித்த அரண்மனை இருந்தது. மட்டாஞ்சேரியின் சேர்லாய்ப் பகுதியில் திருமலை தேவஸ்தானக் கோயிலைச் சூழ்ந்து, கோவாவில் போர்த்துக்கீசியர் இழைத்த கொடுமைக்கு அஞ்சி வந்தேறிய கொங்கணிகள் வாழ்ந்தனர். 1670-களில் மலையாளக் கரையின் டச்சுக் கமாண்டராக இருந்த ஹென்றிக் வான் ரீடே, ஐரோப்பாவிலிருந்து மாதக்கணக்கில் கப்பலேறி வரும் மருந்துகளை நம்பியிருப்பதைவிட இந்நாட்டு மூலிகைகளை அறிவதே மேல் என்று துணிந்து, கொச்சி அரசரின் ஆதரவுடன் வைத்தியர்களைத் தேடினார்.

அவ்வாறு வந்தவருள் தலையாயவர், சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த கொல்லாட்டு வீட்டு இட்டி அச்சுதன். ஈழவ குலத்தில் பிறந்த பரம்பரை வைத்தியர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணிப் பிராமணர் மூவர் அவரோடு சேர்ந்தனர். மரம், செடி, கொடி, புல் ஒவ்வொன்றின் பெயரையும் குணத்தையும் பயனையும், தம் வீட்டு ஓலைச்சுவடிகளைக் கொண்டும் தம் அனுபவத்தைக் கொண்டும் அச்சுதன் சொல்ல, இம்மானுவேல் கார்னெய்ரோ என்னும் துபாஷி அதைப் போர்த்துக்கீசிய மொழியில் பெயர்த்தார். இவ்வாறு தாம் விளக்கியளித்ததை அச்சுதன் கோலெழுத்து என்னும் பழைய மலையாள எழுத்திலும், கொங்கணி வைத்தியர் மூவரும் நாகரி எழுத்திலும் 1675 ஏப்ரலில் சாசனமாக எழுதிக் கொடுத்தனர். வைத்தியர் தம்முள் வாதிடும்போது முன்னோர் சுலோகங்களை மனப்பாடமாக ஓதிப் பிரமாணம் காட்டியதையும், கருத்து மாறுபட்ட போதும் மரியாதை தவறாததையும் வான் ரீடே வியந்து எழுதியிருக்கிறார்.

ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் அந்தப் பெருநூல், 742 தாவரங்களின் விவரத்தோடு, ஆம்ஸ்டர்டாம் நகரில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1691-இல் கடற்பயணத்தில் உயிர் துறந்த வான் ரீடே அதன் நிறைவைக் காணவில்லை. ஆயினும் அவர் செய்த ஒரு செயல் என்றும் புகழத்தக்கது. வைத்தியர்களின் சாசனங்களை அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் பதிப்பித்து, இவ்வித்தை யாரிடமிருந்து வந்தது என்பதை உலகறியச் செய்தார். ஈழவ வைத்தியரும் பிராமண வைத்தியரும் சாதி வேற்றுமை மிக்க அக்காலத்தில் ஒரே நூலில் சமமாகக் கையொப்பமிட்டு நிற்கும் காட்சி நெஞ்சை நெகிழ்விக்கிறது.

எனினும் நூல் லத்தீனில் இருந்தது. தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் தாவரங்களை வகுத்துப் பெயரிட்டபோது இந்நூலைப் பெரிதும் பயன்படுத்தினார். நாம் பசலை என்று உண்ணும் கீரைக் கொடிக்கு அறிவியல் வழங்கும் பசெல்லா என்னும் பெயரே இந்நூலின் வழியாகச் சென்றதுதான். ஐரோப்பியப் பண்டிதர் பலரும் படித்த அந்நூலை, அதற்கு வித்தை அளித்த வைத்தியரின் சந்ததியார் படிக்க வழியில்லை. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் கா. சு. மணிலால் பல்லாண்டுகள் லத்தீனைப் பயின்று, நூலிற் கண்ட செடிகளைக் காடு மேடெல்லாம் திரிந்து மீண்டும் சேகரித்து ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் அதை 2003-இல் வெளியிட்டது. மலையாளப் பெயர்ப்பு 2008-இல் வந்தது. கொச்சியில் மலையாளத்தில் சொல்லப்பட்ட வித்தை மலையாளத்துக்குத் திரும்ப முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இட்டி அச்சுதன் பரம்பரை இரகசியத்தைக் காட்டிக் கொடுத்தவர் என்று எவரேனும் குறை கூறுவாராயின், அதனை நான் ஏற்க மாட்டேன். கேட்டவனுக்குப் பொறுமையோடு விளக்கி, நூலையும் அனுபவத்தையும் சான்றாகக் காட்டி, தம் பெயரையும் ஊரையும் வீட்டையும் எழுதி வைத்தவர் ஆசிரியர் ஆவாரேயன்றித் துரோகி ஆகார். பெற்றவர் கடமையோ இரண்டு: கொடுத்தவன் பெயரைச் சொல்லுதல் ஒன்று, பெற்றதை அவன் மக்களுக்கும் கற்பித்தல் மற்றொன்று. முதற் கடமையை வான் ரீடே செய்தார். இரண்டாவதை மணிலால் செய்து முடித்தார். இன்று நம் ஊர்களில் முதியோர் கையில் எஞ்சியிருக்கும் மருத்துவ ஓலைகளைத் தேடிச் செல்லும் இளைஞர்கள், படியெடுப்பதோடு நின்றுவிடாமல், அம்முதியோரின் அருகிருந்து கைபாகத்தையும் கற்று, அவர்தம் பெயரை முதல் ஏட்டிலேயே எழுதி வைப்பார்களாக.