ஏடு மாறினால் நேரம் மாறுமோ?

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைக்குச் செல்லும் பெருஞ்சாலையோரத்தில், பெரும் பாறைகளின் இடையே அமைந்துள்ளது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் எழுத்தில் வடிக்கப்பட்டதென மகாவம்சம் கூறும். அப்பணி நிகழ்ந்த இடம் அலுவிகாரையே என்பது வழிவழி வந்த மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. நினைவில் மட்டும் நிற்கும் நூல், நினைப்பவர் மறைந்தால் தானும் மறையும் என்ற அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது.

பாளி நூல்களில் ஒரே தொடர் பன்முறை திரும்பத் திரும்ப வரும். ஓதுவோர்க்கு அது நினைவுக்குத் துணை; எழுதுவோர்க்கோ ஓலைக்கும் உழைப்புக்கும் செலவு. ஆதலின் மீண்டும் வரும் பகுதியை விடுத்து, 'பே' என்னும் சிறு குறியை இடும் வழக்கம் பாளிச் சுவடிகளில் வேரூன்றியது. 'முன் வந்ததை இங்கும் கூட்டிக்கொள்க' என்பது அதன் கருத்து. குறியின் பொருள் அறிந்து விரித்து ஓதுபவருக்கு நேரம் மிகும்; அறியாது படிப்பவருக்கோ நூல் விரைவில் முடியும். ஏடு சுருங்கியது, நூல் சுருங்கவில்லை.

நேயர்களே, இதே ஐயம் இக்காலத்தில் வேறு உருவில் எழுகின்றது. காணொளி ஒன்றை ஒரு கோப்பு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியதும், அதன் நேரம் கூடியோ குறைந்தோ காணப்படுகின்றது. இடையில் ஏதேனும் அறுந்துபோயிற்றோ என உள்ளம் கலங்குகின்றது.

இதன் வேர் திரைப்பட வரலாற்றில் உள்ளது. பேசாப் படக் காலத்தில் படம் ஓடும் வேகம் ஒருசீராக இல்லை. கைப்பிடியைச் சுழற்றுவோர் நொடிக்கு 16 படங்கள் எடுத்ததும் உண்டு. அதற்கு மேல் எடுத்ததும் உண்டு. ஒலி வந்து சேர்ந்த பின்னரே நொடிக்கு 24 என்பது நிலைபெற்றது. 16 படங்கள் வீதம் எடுத்த ஒரு மணி நேரப் படத்தை 24 வீதம் ஓட்டினால், அது 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மாந்தர் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுவதும் அதனாலேயே.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. இலங்கை, இந்தியா முதலிய நாடுகள் மேற்கொண்ட 'பால்' முறையில் நொடிக்கு 25 படங்கள். இம்முறை வழங்கிய நாடுகளில் திரைப்படங்களைச் சற்றே விரைவுபடுத்தி ஒளிபரப்புவது பெருவழக்காயிற்று. இரண்டு மணி நேரப் படம் 1,72,800 படங்கள் கொண்டது. 25 வீதம் ஓட்டினால் 115 நிமிடம் 12 நொடியில் அது நிறைவுறும். ஒரு படமும் விடுபடவில்லை, வேகமே மாறியது. அமெரிக்காவிலோ 1953இல் வண்ண ஒளிபரப்புக்கென நொடிக்கு 30 என்பதை ஏறத்தாழ 29.97 ஆக்கினர். அதனால் ஒரு மணி நேரத்துக்குரிய 1,08,000 படங்கள் ஓடி முடிய 3.6 நொடி மிகுதியாயிற்று.

கணினிக் கோப்பிலோ வேறு காரணங்களும் சேர்கின்றன. ஒலி சிறு சிறு கட்டங்களாகப் பதியப்படுவதால் இறுதிக் கட்டம் நிரம்பாவிடின் வெற்றொலியால் நிரப்பப்படும். ஒலித்தடமும் காட்சித்தடமும் ஒரே நேரத்தில் முடியாவிடின் நீண்டதையே கோப்பு தன் நேரமாகக் காட்டும். மேலும், கோப்பின் தலைப்பில் எழுதிய கணக்கு பிழையாயின், உள்ளே உள்ளது முழுமையாயினும் காட்டும் நேரம் பொய்யாகும்.

ஆயினும் எல்லாக் குறைவும் இத்தகையதன்று. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய வேளையில், அலுவிகாரையின் ஏட்டுச்சாலை அழிந்தது. அது குறியீட்டால் நேர்ந்த சுருக்கமன்று, மெய்யான இழப்பு. பிற விகாரைகளிலும் பிற நாடுகளிலும் படிகள் இருந்தமையாலேயே திரிபிடகம் எஞ்சிற்று.

ஆகவே, நேரம் மாறியதென்று கண்டவுடன் அஞ்சவும் வேண்டா. அலட்சியம் செய்யவும் வேண்டா. வேகம் மாறியதா, கணக்கு மாறியதா, காட்சியே அறுந்ததா என்பதைத் தொடக்கமும் நடுவும் இறுதியும் ஒப்பிட்டு அறிதல் வேண்டும். அவ்வாறு அறியும் வரை மூலத்தை அழியாது காப்பதே அறிவுடைமை. அலுவிகாரையின் பாறைகள் இன்றும் உணர்த்தி நிற்பது இதனையே.