குன்னூர் எலிகளும் நம்ம ஊர் சாப்பாடும்

திருத்தணி மலையைத் தாண்டி மேற்கே போனால் பள்ளிப்பட்டு. கொசஸ்தலையாற்றுப் பக்கத்து ஊர். கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை. 1960 வரை இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கேட்கும். கேழ்வரகு மாவைக் கிண்டி உருட்டினால் இந்தப் பக்கம் களி, அந்தப் பக்கம் ராகி சங்கடி. பெயர்தான் வேறு, உருண்டை ஒன்றுதான்!

அந்தக் களி உருண்டை இப்போது பல வீடுகளில் இல்லை. வெள்ளை வெளேர் என்ற அரிசிச் சோறு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், உடம்பு குறைக்க வேண்டும் என்று சோற்றையும் விட்டுவிட்டு அரை வயிற்றோடு இருப்பவர்கள். அப்புறம் மலச்சிக்கல், முடி கொட்டுதல், சோர்வு, எப்போதும் குளிர்கிற மாதிரி இருப்பது. மருந்துக் கடையில் ஒரு கையில் நார்ச்சத்துப் பொடி டப்பா, இன்னொரு கையில் தைராய்டு மாத்திரைச் சீட்டு. இது எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சி.

சாப்பாடு, குடல், தைராய்டு இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை நூறு வருடத்துக்கு முன்பே, நம் நீலகிரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கதைதான் இது.

ஒரே வாய்க்கால், எட்டு ஊர்

ராபர்ட் மெக்கரிசன். 1878-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1901-ல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். 1904 முதல் 1911 வரை கில்கிட்டில் அரசு டாக்டர். இன்று பாகிஸ்தான் வசம் இருக்கும் மலை நாடு அது.

அங்கே வீதிக்கு வீதி கழுத்து வீங்கிய மனிதர்கள். முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீங்கிப் போவது. மெக்கரிசன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே வாய்க்காலிலிருந்து எட்டு ஊர்கள் வரிசையாகத் தண்ணீர் எடுத்தன. மேல் ஊரின் கழிவு அடுத்த ஊருக்குப் போகும், அது அதற்கடுத்த ஊருக்கு. மேல் ஊரில் கழலை குறைவு, கீழே போகப் போக அதிகம், கடைசி ஊரில் மிக அதிகம். அப்படியானால் காரணம் அழுக்குத் தண்ணீர்தானே?

மனுஷன் அதோடு விடவில்லை. அந்தத் தண்ணீரை வடிகட்டி, மேலே தங்கிய வண்டலைத் தானே குடித்தார்! முன்வந்த இன்னும் சிலரையும் குடிக்க வைத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்த வண்டலைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே ஏதோ ஒரு கிருமி குடலுக்குள் போய் அங்கிருந்து தைராய்டைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். குடலைச் சுத்தம் செய்யும் தைமால் என்ற மருந்தைக் கொடுத்துக் கழலைக்கு வைத்தியமும் பார்த்தார்.

இந்த முடிவு முழுசாகச் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. முக்கியக் காரணம் அயோடின் பற்றாக்குறை. மழையும் பனியும் பல ஆயிரம் வருடமாக மலை மண்ணிலிருந்த அயோடினைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. ஆனாலும் குடலில் நடப்பதற்கும் தைராய்டுக்கும் தொடர்பு உண்டா என்று அந்தக் காலத்திலேயே கேட்டாரே, அந்தக் கேள்வி வீண் போகவில்லை.

குன்னூரில் ஒரு அறை

முதல் உலகப் போருக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பிய மெக்கரிசனை 1918-ல் குன்னூருக்கு அனுப்பினார்கள். அங்கே வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கும் பாஸ்டர் நிலையம் இருந்தது. அதில் ஒரு அறையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கொடுத்த வேலை, பெரிபெரி நோய் பற்றிய விசாரணை.

பெரிபெரி என்றால் கால் மரத்துப்போய், வீங்கி, கடைசியில் இதயமே நின்றுவிடும் நோய். தீட்டிய அரிசியை மட்டும் தின்றவர்களைப் பிடித்தது. தவிட்டோடு பி-1 வைட்டமினும் போய்விடுவதுதான் காரணம். இதில் நம் எல்லை ஊருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அன்றைய சென்னை ராஜதானியில் பெரிபெரி அதிகம் தாக்கியது பச்சரிசி தின்ற வட கடலோரத் தெலுங்கு மாவட்டங்களை. புழுங்கலரிசி தின்ற தமிழ்ப் பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. நெல் அவித்த பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற வார்த்தை தெரியாது. ஆனால் அவர்கள் வேலை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மெக்கரிசன் புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் குறைச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் நரம்பைப் பார்த்தபோது இவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். சத்துப்போன அரிசி தின்ற குரங்குகளின் குடல் தசை மெலிந்து, சுருங்கி விரியும் சக்தி இழந்து, பலூன் மாதிரி உப்பியிருந்தது. குடல் சுவரில் புண். சில குரங்குகளுக்குச் சீதபேதி. தைராய்டு உட்படப் பல சுரப்பிகளையும் எடுத்து எடை போட்டார், அவற்றிலும் மாறுதல்கள். 1921-ல் இதையெல்லாம் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதன் சாரம் இதுதான்: சாப்பாடு குறைபட்டால் நோயாக வெடிப்பதற்கு முன்பே குடல் சொல்லிவிடுகிறது. பசி குறையும், செரிக்காது, மலச்சிக்கல் வரும், சோர்வு வரும்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு அரசாங்கம் செய்தது என்ன தெரியுமா? 1922-23-ல் செலவைக் குறைக்க இஞ்ச்கேப் கமிட்டி என்று ஒன்று உட்கார்ந்தது. அந்தச் சிக்கன நடவடிக்கையில் இந்த விசாரணைக்கும் கத்தரி விழுந்தது! 1925-ல்தான் மறுபடி தொடங்க முடிந்தது. ஒரு அறையின் செலவை மிச்சம் பிடித்தவர்கள், சத்தில்லாத சாப்பாட்டால் ஒரு நாடு இழக்கிற உழைப்பை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

எலிகளுக்கு மதராஸ் சாப்பாடு

திரும்பி வந்த மெக்கரிசன் செய்த சோதனைதான் அவரை உலகப் புகழ் ஆக்கியது. இந்தியாவின் ஏழு வகை மக்களின் சாப்பாட்டை ஏழு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மதராஸி. எல்லா எலியும் ஒரே வயது, ஒரே மாதிரி கூண்டு. மாறியது சாப்பாடு மட்டும்.

சீக்கியச் சாப்பாடு என்றால் முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம். மதராஸ் சாப்பாடு என்றால் கழுவித் தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய்கறி, தேங்காய், சிறிது பால் விட்ட காபி. முடிவில் சீக்கிய எலியின் சராசரி எடை 235 கிராம். மதராஸி எலி 155 கிராம். ஏழில் கடைசி!

திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக் கிழங்குச் சாப்பாட்டைக் கொடுத்தபோது நிறைய எலிகளுக்கு வயிற்றில் புண். மதராஸ் சாப்பாட்டில் அதைவிடக் குறைவு. சீக்கியச் சாப்பாட்டில் இல்லவே இல்லை. தமிழனைக் கேலி செய்கிறார் வெள்ளைக்காரர் என்று கோபப்பட வேண்டாம். இங்கிலாந்து ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், இனிப்பு டீயையும் எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளராமல் போனதோடு, ஒன்றை ஒன்று கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வைத்த மதராஸ் தட்டில் களி இல்லை, கம்பங்கூழ் இல்லை. ஆலை அரிசிதான் இருந்தது. தோற்றது தமிழ் மண்ணின் சாப்பாடா, மில் வந்தபின் மாறிப்போன சாப்பாடா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

1928-க்குப் பிறகு அந்த அறை ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935-ல் மெக்கரிசன் ஓய்வு பெற, ஐக்ராய்டு என்பவர் வந்தார். 1958-ல் அந்தக் கூடம் ஐதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் அதைத் தலைமையேற்று நடத்திய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

உப்பும் தவிடும்

பாக்கி இரண்டு விடுகதைகளுக்கும் விடை பின்னால் வந்தது.

முதலில் கழலை. அமெரிக்காவின் ஓஹையோவில் 1917 முதல் பள்ளி மாணவிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார்கள். 1922-ல் ஸ்விட்சர்லாந்தில் அயோடின் உப்பு வந்தது. இந்தியாவில் இதை நிரூபித்தவர் வி. ராமலிங்கசுவாமி. 1956-ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006-ல் சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்க நாடு முழுக்கத் தடை வந்தது.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். 70 வருடத்துக்கு மொத்தம் 4 கிராம்கூட வராது. ஒரு டீஸ்பூன்! ஆனால் அதை ஒரேயடியாக விழுங்கி வைக்க முடியாது, தினமும் துளித் துளியாக வர வேண்டும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. ஆனாலும் 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இங்கே பாதிகூட இல்லை. இப்போது 'இயற்கை' என்று இந்துப்புக்கு மாறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான இந்துப்பில் போதிய அயோடின் கிடையாது.

அடுத்தது நார்ச்சத்து. உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், இவரும் அயர்லாந்துக்காரர்தான், 1970-களில் மலத்தை எடை போட்டு ஆராய்ந்தார். முழுத்தானியம் தின்னும் ஆப்பிரிக்கக் கிராமத்தாருக்கு மலம் அதிகம், வெளியேறும் நேரம் குறைவு. வெள்ளை ரொட்டி தின்னும் ஆங்கிலேயருக்கு நேர்மாறு. அதுவரை சக்கை என்று தள்ளிய பொருளுக்கு மரியாதை வந்தது. நம் நாட்டில் அதற்கு முன்பே இசப்கோல் இருந்தது. குஜராத்தின் ஊஞ்சா, சித்பூர் பக்கம் விளையும் விதையின் உமி. பாரசீக மொழியில் குதிரைக் காது என்று பொருள், விதையின் வடிவம் அப்படி! தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தை இளக்கி வெளியே தள்ளும்.

மூன்றும் சேரும் இடம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். அதில் ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால் பங்கு போயிற்று. நாடித் துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிர், முடி கொட்டல், சோர்வு. ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. அவர்கள் யாருக்கும் தைராய்டு நோய் இல்லை. பட்டினி வந்தால் உடம்பு தன் அடுப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. தைராய்டு சுரப்பில் வீரியமான டி-3 குறைகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. டி.எஸ்.எச். அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆகவே கடும் டயட்டில் இருப்பவருக்கு மலச்சிக்கலும் குளிரும் வந்தால் மூன்று காரணம் இருக்கலாம். நார் போதவில்லை, சாப்பாடே போதவில்லை, அல்லது உண்மையிலேயே தைராய்டு குறைவு. மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனையும் டாக்டரும் வேண்டும். நார்ப்பொடி முதல் காரணத்தைத்தான் சரி செய்யும். அதையும் நிறையத் தண்ணீரோடு குடிக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சிறுதானியம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்பதும் தப்பு. கம்பு, மரவள்ளி, முட்டைக்கோஸ் இவற்றில் தைராய்டைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. அயோடின் குறைந்த இடத்தில், அதையே மூன்று வேளையும் தின்றால்தான் வம்பு. கலந்து சாப்பிட்டால் பயமில்லை.

குன்னூர் அறையின் வாரிசான அதே ஐதராபாத் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியலில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம். கேழ்வரகில் சுமார் 11 கிராம்.

மெக்கரிசன் 1960-ல் காலமானார். பள்ளிப்பட்டு தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். அவர் கழலை பற்றிச் சொன்னதில் தவறு இருந்தது, சாப்பாடு பற்றிச் சொன்னது நின்றுவிட்டது. அந்த நார்ப்பொடி டப்பாவைக் கையில் எடுக்கும் முன், நண்பர்களே, வீட்டில் பாட்டி இருந்தால் அவர் சின்ன வயதில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் என்றால் களி என்பார், அந்தப் பக்கம் என்றால் சங்கடி என்பார். கூடவே கீரைக் குழம்பு. அந்தத் தட்டில் அயோடின் உப்பு மட்டும் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தட்டிலேயே தீரும். மீதிக்கு டாக்டர் இருக்கிறார்.