கெண்டலில் பிறந்த நெய்யூர் டாக்டர்

போன வாரம் ஆபீஸ் நண்பர்களோடு இங்கிலாந்தின் கெண்டல் நகருக்குப் போயிருந்தேன். அவர்களுக்கு அது ஏரிகளைப் பார்க்கப் போகிற வழி. எனக்கோ சாமர்வெல் டாக்டர் பிறந்த ஊர். பாறசாலையில் எங்க பாட்டிக்கு அவர் வெறும் 'நெய்யூர் டாக்டர்'.

1890ல் ஒரு செருப்புக் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922ல் எவரெஸ்ட் ஏறப் போனார். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிக்கொண்டே திருவிதாங்கூர் வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஏகப்பட்ட நோயாளிகள், ஆபரேஷனுக்குத் தேர்ந்த டாக்டர் ஒரே ஒருத்தர். லண்டன் வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டார்!

1924ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 28,000 அடி. பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் நெய்யூர்தான். நம்ம பக்கத்து வயிற்றுப்புண் ஆபரேஷனில் பேர் எடுத்தார். 'ஆஃப்டர் எவரெஸ்ட்' (1936), 'நைஃப் அண்ட் லைஃப் இன் இந்தியா' என்று புத்தகங்களும் எழுதினார். கடைசியில் வேலூரில் பாடம் நடத்தினார். 1975ல் காலமானார்.

கெண்டலில் புத்தகக் கடைக்காரரிடம் கேட்டேன். எவரெஸ்ட் தெரிந்தது, நெய்யூர் தெரியவில்லை. பாட்டிக்கு எவரெஸ்ட் தெரியாது.

1956ல் மாநிலம் பிரித்தபோது நெய்யூர் அந்தப் பக்கம், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம். ஆனாலும் வயிற்றுவலி என்றால் பாட்டி கடைசிவரை சொன்னது ஒன்றுதான்: "நெய்யூருக்குப் போயிட்டு வா மக்களே."