ஒரே கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண்?

கணக்கில் விடை சரியா தவறா என்று யார் திருத்தினாலும் தெரிந்துவிடும். ஆனால் கட்டுரை? ஒருவர் 8 போட்ட அதே கட்டுரைக்கு இன்னொருவர் 5 போட்டால் எது சரி?

எங்கள் அணுபுரம் கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களுக்காக உருவான குடியிருப்பு. அளவுமானிகளோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு நியதி உண்டு. ஒரே பொருளை இரண்டு மானிகள் அளந்தால் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மானியைச் சரிபார்க்க வேண்டும். கட்டுரையை அளக்கும் மானி ஆசிரியர்தான். அவரை யாராவது சரிபார்த்தார்களா என்று தேடினேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பே சரிபார்த்திருக்கிறார்கள்!

1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்களைப் பிரதி எடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. மொழிப்பாடம் என்பதால்தான் இப்படி என்று நினைப்போம். அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். 28 முதல் 92 வரை வந்தது!

அடுத்து வருபவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்தவர், 1929-ல் இந்தியக் கல்வி பற்றி அறிக்கை தந்த குழுவின் தலைவர், பிலிப் ஹார்டாக். இங்கிலாந்து திரும்பிய பின் ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏற்கெனவே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். 21 முதல் 70 வரை விதவிதமாக மதிப்பெண் விழுந்தது. ஓராண்டுக்கு மேல் கழித்து, அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 முடிவுகளில் 92 மாறிவிட்டன. அதாவது, ஒரே ஆசிரியர் தம்மோடு தாமே ஒத்துப்போகவில்லை.

இந்தியாவில் இதைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவர் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952-53), கட்டுரை வகைத் தேர்வில் திருத்துபவரின் மனப்போக்கு கலப்பதைக் குறைக்க வேண்டும் என்றது. எண்ணுக்குப் பதில் குறியீட்டுத் தரம் தரலாம் என்றும் சொன்னது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 2010-ல் கிரேடு வந்தது. 2018-ல் மதிப்பெண் திரும்பிவிட்டது.

சரி, ஆசிரியர்கள் ஏன் வேறுபடுகிறார்கள்? 1961-ல் அமெரிக்காவில் பால் டைடெரிக் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேர் 9 தரங்களாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டுரைக்கும் ஐந்துக்குக் குறைவான தரங்கள் கிடைக்கவில்லை. காரணம் கவனக்குறைவு அல்ல. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழையைப் பார்த்தார், ஒருவர் அமைப்பை, ஒருவர் சொல்வளத்தை. மானிகள் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் வேறு பொருளை அளந்துகொண்டிருந்தது!

இதற்குத் தீர்வாகத்தான் மதிப்பெண்ணைப் பங்கு பிரிக்கும் முறை பரவியது. கருத்துக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு. விடைக்குறிப்பு ஒன்றாக இருந்தால் வித்தியாசம் குறையும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை இருக்கிறதா என்று பார்ப்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். யோசனை புதிதா என்பதில் ஒத்துப்போவது கடினம். அதனால் மாணவர்களாகிய நாம் குறிப்புச்சட்டத்தை நிரப்பக் கற்றுக்கொள்கிறோம், யோசிப்பதை விட்டுவிடுகிறோம்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 1984-ல் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்ற விதி செல்லும் என்றது. 2011-ல் அதே நீதிமன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது.

என் கருத்து இதுதான். கட்டுரைக்குத் துல்லியமான ஒரு மதிப்பெண் கிடையாது. ஆனால் எதை அளக்கப் போகிறார்கள் என்பதை எழுதும் முன்பே சொல்லலாம். இரண்டு பேர் திருத்தலாம். 'ஏன் 5?' என்பதற்கு ஓரத்தில் ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியில் மாணவர் கற்றுக்கொள்வது, எண்ணில் கற்றுக்கொள்வதைவிட அதிகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?