வட்டத்துக்குள் ஓர் எழுத்து

1990ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. பவானி ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாலை ஆட்டத்துக்குக் கிளம்பியபோது அம்மா என்னையும் கைக்குழந்தையாக இருந்த தங்கையையும் அழைத்துக்கொண்டு போனார். வீட்டில் விட்டுச்செல்ல ஆளில்லை. அப்பாவுக்கு நூற்பாலையில் இரண்டாம் ஷிஃப்ட். வீடு திரும்பப் பதினொரு மணிக்கு மேலாகும். கொட்டகையின் முகப்பில் ஒட்டியிருந்த சுவரொட்டியில், வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தியின் தலைவிரி கோலத்துக்குக் கீழே, சிறு வட்டத்துக்குள் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து இருந்தது. டிக்கெட் கிழிப்பவர் என்னைப் பார்த்தார். அந்த எழுத்தைப் பார்க்கவில்லை. அரை டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டார்.

அன்றிரவு கண்ட காட்சிகளை இங்கு விவரிக்கப் போவதில்லை. அந்தப் பயம் என்னைவிட்டுப் போக இரண்டு ஆண்டுகள் ஆயின என்பது மட்டும் போதும். நெடுங்காலம் கழித்து, வகுப்பில் மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள், அந்த வட்டத்துக்குள் இருந்த எழுத்தின் நினைவு வந்தது. அது எங்கிருந்து வந்தது, யாரைக் காக்க வந்தது என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலில் கிடைத்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

*

இந்தியாவில் திரைப்படத் தணிக்கைக்கு வித்திட்டது 1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம். 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அவற்றின் கவலையெல்லாம் ஆட்சிக்கு எதிரான உணர்ச்சி, மதக் கொந்தளிப்பு, வெள்ளையரின் மதிப்புக் குலைதல் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு படத்தைக் காட்டலாம் அல்லது காட்டக்கூடாது என்பதே தீர்ப்பு. பார்ப்பவரின் வயதைப் பொறுத்துப் படங்களைப் பிரிக்கும் வழக்கம் அப்போது இங்கே இல்லை.

பிரிட்டனில் அது முன்னரே இருந்தது. 1912இல் அங்கு நிறுவப்பட்ட தணிக்கை அமைப்பு ‘யு’, ‘ஏ’ என்னும் இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்தியது. பெரியவர் ஒருவர் உடன்வந்தால் குழந்தைகள் ‘ஏ’ படத்தைப் பார்க்கலாம் என்னும் நடைமுறையும் அங்கு ஏற்பட்டது. திகில் படங்கள் பெருகியபோது 1932இல் ‘எச்’ என்னும் எழுத்தைத் தனியே சேர்த்தார்கள். வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்கே 1938இல் அங்கு ‘ஏ’ சான்றிதழ்தான் கிடைத்தது. சூனியக்காரக் கிழவி குழந்தைகளை அச்சுறுத்துவாள் என்பது காரணம்.

விடுதலைக்குப் பின், 1949இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின் வழியாக இவ்விரண்டு எழுத்துகளும் இந்தியாவுக்கு வந்தன. எழுத்துகள் வந்தனவேயன்றி அவற்றின் பொருள் அப்படியே வரவில்லை. இங்கே ‘ஏ’ என்றால் பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு மட்டும். பெற்றோர் உடனிருப்பது கணக்கில் வராது. 1951இல் மத்திய தணிக்கை வாரியம் அமைந்தது. 1952இல் இன்றுவரை அடிப்படையாக இருக்கும் சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்தது.

அதே 1951இல் வெளிவந்தது ஜூபிடர் பிக்சர்ஸின் ‘மர்மயோகி’. இயக்கம் கே. ராம்நாத், கதை வசனம் ஏ.எஸ்.ஏ. சாமி, நாயகன் எம்.ஜி.ஆர். தமிழில் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற முதல் படம் இதுவே என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். சான்றிதழுக்குக் காரணம் காதற்காட்சி அன்று, ஆவி. இறந்துவிட்டதாக நம்பப்படும் அரசன், தன்னைக் கொல்ல முயன்றவளின் முன் ஆவியாகத் தோன்றி அவளை நடுங்கவைக்கும் காட்சிகள் குழந்தைகளுக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டன. வேடிக்கை என்னவென்றால், செருகளத்தூர் சாமா ஏற்ற அந்தப் பாத்திரம் உண்மையில் ஆவியே அன்று. அரசன் உயிரோடுதான் இருக்கிறான். பேயில்லாத ஒரு பேய்க்குத்தான் தமிழின் முதல் ‘ஏ’ வழங்கப்பட்டது.

*

தமிழ்ப் பேய்கள் எப்போதும் அச்சுறுத்துபவை அல்ல என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் வரும் பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன, போர்க்களத்தில் கூழ் சமைத்து ஒன்றுக்கொன்று பரிமாறுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் சிரிக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரோ பேயுருவை விரும்பிக் கேட்டுப் பெற்றவர். நகைக்கும் பக்திக்கும் உரியதாகவும் இருந்த பேயை அச்சத்துக்கு மட்டும் உரியதாகச் சுருக்கியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்தத் திரைப்பேயும் இரண்டு காலங்களை உடையது. முதற்காலப் பேய்கள் பெரும்பாலும் பொய்ப்பேய்கள். கமால் அம்ரோஹியின் ‘மஹல்’ (1949) என்னும் இந்திப் படம் தொடங்கிவைத்த வழி அது. இந்தி ‘வோ கௌன் தீ’யின் (1964) தமிழாக்கமான ‘யார் நீ’ (1966) படத்தில் மழையிரவில் தோன்றும் பெண்ணின் மர்மம் இறுதியில் அவிழ்ந்துவிடுகிறது. ‘அதே கண்கள்’ (1967) படத்தில் முகமூடிக்குப் பின்னால் இருப்பவன் மனிதன்தான். மறுபிறவியைப் பேசிய ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) போன்றவை விதிவிலக்குகள். இவ்வகைப் படங்கள் இரண்டரை மணிநேரம் பயமுறுத்தினாலும் கடைசிப் பத்து நிமிடங்களில் பயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. வீடு திரும்பும் வழியில், “அது வேஷம்தானே” என்று குழந்தையிடம் சொல்ல ஒரு தாய்க்கு வாய்ப்பிருந்தது.

1970களின் பிற்பகுதியில் இது மாறியது. ஹாலிவுட்டின் ‘எக்ஸார்சிஸ்ட்’ (1973), ‘ஓமன்’ (1976) ஆகியவற்றின் அலை இங்கும் வந்து சேர்ந்தது. ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978), ‘யார்?’ (1985), ‘பிள்ளை நிலா’ (1985), ‘மை டியர் லிசா’ (1987), ‘13ஆம் நம்பர் வீடு’ (1990), ‘ஜென்ம நட்சத்திரம்’ (1991) என வரிசையாக வந்த படங்களில் ஆவியும் தீயசக்தியும் மெய்யானவை. முகமூடி கழற்றப்படவில்லை, கழற்ற முகமூடியே இல்லை. பொருள் கூற முடியாத பயம் முதன்முதலாகக் குழந்தைகளின் படுக்கைவரை வந்தது. என் தலைமுறை அதில் அகப்பட்டுக்கொண்டது.

இதே காலத்தில்தான் அந்த எழுத்தின் பொருளும் திரிந்தது. ‘அவளுடெ ராவுகள்’ (1978) போன்ற மலையாளப் படங்களின் சுவரொட்டிகள் தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்தபின், ‘ஏ’ என்றாலே பாலுறவு என்றாகிவிட்டது. பேய்ப்படத்தில் அந்த எழுத்தைக் கண்டால் யாரும் பொருட்படுத்தவில்லை. அது அச்சத்துக்கும் உரிய எச்சரிக்கை என்பது மறந்துபோயிற்று. ஆங்கிலம் அறியாத எங்கள் தெருப் பெண்களுக்கோ அது ஒரு வட்டம் மட்டுமே.

*

சட்டம் என்ன சொல்கிறது? ‘ஏ’ படத்தைச் சிறுவருக்குக் காட்டினால் குற்றவாளி திரையிடுபவர். அழைத்துச் சென்ற பெற்றோர் அல்லர். ஒரு விலக்கும் அதில் உண்டு. பெற்றோருடன் வரும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காட்டுவது குற்றமாகாது. சட்டம் வகுத்தவர்களில் யாரோ ஒருவர், கைக்குழந்தையை விட்டுவர இடமில்லாத தாயை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதன்படி அன்று என் தங்கை சட்டப்படி படம் பார்த்தாள். நான் சட்டவிரோதமாகப் பார்த்தேன்.

குழந்தைகளின் பெயரால் வந்த இந்தப் பிரிவினை நீதிமன்றங்களையும் எட்டியது. மும்பையின் சிவப்புவிளக்குப் பகுதியைக் காட்டிய தம் குறும்படத்துக்கு ‘யு’ மறுக்கப்பட்டதை எதிர்த்து கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டது. பிற கலைகளைவிடத் திரைப்படம் உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது, சிறுவர்மீது அதன் தாக்கம் மிகுதி என்பது நீதிபதி ஹிதயதுல்லா காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆனால் ‘யு’ என்னும் எழுத்தை முன்வைத்து நடந்த தமிழ்நாட்டின் புகழ்பெற்ற வழக்கில் குழந்தைகளுக்கு இடமே இல்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது; 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. வழக்கு முழுவதும் அரசியல். எழுத்து மட்டும் குழந்தைகளுடையது.

1983இல் பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கத்தக்க ‘யுஏ’ வகை சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு வயதுகளுக்கு மேற்பட்டோர் என மூன்றாகப் பிரித்தது. திரையரங்க வாயிலில் இருந்த பொறுப்பு மெல்ல மெல்ல வீட்டு வாயிலுக்கு நகர்ந்திருக்கிறது.

*

தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தணிக்கை வாரியம் 1951இல் கண்டுகொண்டது முதலாவதை. கொலையையும் கொள்ளையையும் பற்றிய கவலை பின்னர் வந்தது. நான்காவதைப் பற்றி எந்தச் சான்றிதழும் பேசியதில்லை. இறை என்பது அரசன் மட்டுமன்று, தம்மை ஆள்பவர் எவரும் என்று கொள்ள இடமுண்டு. குடித்துவிட்டு வந்து மனைவியை அறையும் கணவனை, அவன் காலில் அவள் விழுவதை, எத்தனையோ ‘யு’ படங்களில் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்திருக்கிறோம். அக்காட்சிகளில் குழந்தைகளின் கண்ணை யாரும் பொத்தியதில்லை.

1990இன் அந்த இரவில், படம் முடிந்து வயல்வரப்பு வழியாகத் திரும்பியபோது அம்மா ஏறக்குறைய ஓடினார். இடுப்பில் தங்கை, மறுகையில் நான். “பயப்படாத சாமி, அதெல்லாம் வேஷம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உள்ளங்கை வியர்த்து நனைந்திருந்தது. அம்மாவுக்கும் பேயென்றால் பயம் என்று அன்று எண்ணிக்கொண்டேன். அவ்வெண்ணமே என் பயத்தை இரு மடங்காக்கியது. பெரியவர்களே அஞ்சும் ஒன்று பொய்யாக இருக்க முடியாதல்லவா?

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அம்மாவிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். இப்போது அவருக்கு எழுபதைக் கடந்துவிட்டது. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

“படமெல்லாம் ஞாபகமே இல்ல சாமி. உங்கப்பா நமக்கு முன்னால ஊட்டுக்கு வந்துருப்பாரோன்னுதான் அன்னிக்கி எனக்குப் பயம்.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியே கிடந்தது. அம்மா திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினார். பிறகுதான் முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தார்.