அரிசிக்கு மேலே, அரிசிக்குப் பதிலாக

ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று நம் ஊரில் நடக்கும் சண்டை பழையது. கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்று ஒரு கட்சி. கையில் காசு இருந்தால் அவரவர் தேவையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பணம் வந்த நாளில் அந்த வீட்டுக்கு அதுவரை வந்துகொண்டிருந்த அரிசி என்ன ஆனது?

மத்திய, கிழக்கு இந்தியக் கிராமங்களில் நடந்த இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஒன்று மத்தியப் பிரதேசத்தில், இந்தூரை ஒட்டிய சிற்றூர்களில் 2011-ல் தொடங்கியது. மற்றது ஜார்க்கண்டில், ராஞ்சி மாவட்டத்தின் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் தொடங்கியது. இரண்டுக்கும் காகிதத்தில் ஒரே பெயர்தான்: நேரடிப் பண உதவி.

மத்தியப் பிரதேசச் சோதனையை நடத்தியது சேவா என்கிற பெண் தொழிலாளர் சங்கம். நிதி யூனிசெஃப் கொடுத்தது. எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் பணம்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பணம் தரப்படாத பன்னிரண்டு கிராமங்கள். பிறகு ஒரு பழங்குடிக் கிராமமும் சேர்ந்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100. ஓராண்டுக்குப் பிறகு அது 300, 150 என்று உயர்ந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதலில் 700 ரூபாய், பிறகு 1,050. பிள்ளைகளின் பங்கு தாயின் கையில். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கு அனுப்பினாயா, ஊசி போட்டாயா என்ற நிபந்தனையும் இல்லை. வறியவர் யார் என்று பட்டியல் போடாததால், பட்டியலில் விடுபட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஏற்கெனவே இருந்த ரேஷன் அட்டையை யாரும் தொடவில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அந்தச் சிறு தொகை செய்த வேலையை நான் வியப்போடுதான் படித்தேன். சிறு விவசாயிகள் விதையும் உரமும் வாங்கினார்கள். ஆடு கோழி வாங்கினார்கள். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் பலர் தங்கள் சொந்தத் துண்டு நிலத்தில் அதிக நாள் வேலை செய்தார்கள். பணம் கொடுத்தால் சோம்பேறியாவார்கள் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டுமா? விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே வரும் மாதங்களில்தான் சிறு குடியானவர் கடன்காரரிடம் போய் நிற்கிறார். அந்த மாதங்களில் சிறிதேயானாலும் தவறாமல் வரும் பணத்துக்கு அதன் அளவைவிட மதிப்பு அதிகம். வட்டிக்கு வாங்குவது குறைகிறது. விளைச்சலை முன்கூட்டியே அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டில் பருப்பும் காய்கறியும் கூடின. குழந்தைகளின் எடை தேறியது. அதிலும் பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிட அதிகமாகத் தேறினார்கள். வீட்டில் உள்ளதைப் பங்கிடும்போது கடைசியாகத் தட்டு வைக்கப்படுவது யாருக்கு என்று அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் அருமை தெரியும். குடிச் செலவு கூடியதாக ஆய்வாளர்கள் காணவில்லை.

இனி நக்ரி.

அங்கே அதுவரை ஓர் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, கிலோ ஒரு ரூபாய்க்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 25 கிலோ. 25 ரூபாய் எடுத்துக்கொண்டு போனால் மூட்டையோடு திரும்பலாம். சோதனை வந்ததும் அதே ரேஷன் கடையில் அதே அரிசி கிலோ 32 ரூபாய் ஆயிற்று. வித்தியாசத்தை அரசு வங்கிக் கணக்கில் போடும். அதை எடுத்துவந்து கட்டி அரிசி வாங்கிக்கொள்ள வேண்டும். முறைகேட்டைத் தடுக்க இது வழி என்று சொல்லப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் யாருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டம் இல்லை.

வாழ்க்கையில் பார்த்தால் வேறு. 25 ரூபாய் இருந்தால் போதும் என்றிருந்த பெண் இப்போது 800 ரூபாயோடு கடைக்குப் போக வேண்டும். பணம் வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை. சின்னத் தொகையை இங்கே தர மாட்டோம், சேவை மையத்தில் போய் எடுத்துக்கொள் என்று வங்கியில் சொன்னால் அங்கே ஒரு நடை. கைரேகை விழவில்லை, இணையம் இல்லை என்றால் மறுநாள் மறுபடியும் ஒரு நடை. கடைசியாகத்தான் ரேஷன் கடை. ஒரே வீட்டில் மூன்று நான்கு கணக்குகள் இருக்க, எதில் பணம் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. 2018 தொடக்கத்தில் உணவு உரிமை இயக்கத்தினர் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். மாத அரிசியை வீடு கொண்டுவந்து சேர்க்கச் சராசரியாக 12 மணி நேரம் செலவாவதாகவும், 97 விழுக்காட்டுக் குடும்பங்கள் இந்த முறையை எதிர்ப்பதாகவும் அதில் தெரியவந்தது. 12 மணி நேரம் என்பது ஒன்றரை நாள் கூலி. அந்தக் கூலி இழப்பு அரசின் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஒரு நியாயமான மறுப்பு எழும். நக்ரியின் தோல்வி வங்கியின் தோல்விதானே? மத்தியப் பிரதேசத்தில் கணக்குத் தொடங்கவும் சிக்கலை அவிழ்க்கவும் சங்கத்துப் பெண்கள் கூடவே இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் என்றாலும் அது அடக்கமான சோதனை. ஒன்றரை ஆண்டில் முடிந்தும் போனது. ஜார்க்கண்டில் அப்படிக் கைகொடுக்க ஆளில்லை. கடைசிக் கிராமம் வரை வங்கி ஒழுங்காக வேலை செய்தால், அரிசிக்குப் பதில் பணம் கொடுப்பதில் என்ன தவறு?

இதற்குப் பதில் தேட நாம் ராஞ்சிவரை போக வேண்டியதில்லை, புதுச்சேரி போதும். 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. நக்ரியைப் போல வங்கி எட்டாத இடமல்ல அது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் செய்த கள ஆய்வுகளில், கிடைத்த பணத்துக்கு வெளிச் சந்தையில் அதே அளவு தானியம் வாங்க முடியவில்லை, கைக்காசு போட வேண்டியிருக்கிறது என்ற குறை வந்தது. நாளாக ஆகப் பணமே பரவாயில்லை என்று சொன்னவர்கள் கூடினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு அரிசியா பணமா என்று ஆட்சியாளருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே மூண்ட தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2024-ல், தீபாவளியை ஒட்டி, ரேஷன் கடைகள் மறுபடியும் திறந்தன. ஆக, வங்கியைச் சரிசெய்தால் நடை குறையும். அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் தொகையும் தானாக ஏறிவிடுவதில்லையே! விலையேற்றத்தின் சுமை அதுவரை அரசின் தோளில் இருந்தது. பதிலாகப் பணம் என்றதும் அது சத்தமில்லாமல் சமையலறைக்கு மாறுகிறது. என் பார்வையில் நக்ரியின் ஆழமான கோளாறும் இதுதான். வங்கிக் குளறுபடி அதைச் சீக்கிரம் வெளிக்காட்டியது, அவ்வளவே.

மத்தியப் பிரதேச முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ரேஷனை மூடிவிட்டுப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று பேசுவோர் உண்டு. அந்த வாதம் என்னைச் சினம்கொள்ள வைக்கிறது. அந்தக் கிராமத்துப் பெண் விதை வாங்க முடிந்ததும் ஆடு வாங்க முடிந்ததும் அடுப்புக்கான தானியத்தில் ஒரு பகுதியாவது வேறு வழியில் வந்துகொண்டிருந்ததால்தான். அரிசியை எடுத்துவிட்டு அதே 700 ரூபாயைக் கொடுத்தால் அது முதலில் அரிசிக்குத்தான் போகும். ஆடு அப்புறம் எங்கே வரும்? ஓரிடத்தில் அரிசிக்கு மேலே வந்த பணம் செய்த நன்மையை, இன்னோரிடத்தில் அரிசிக்குப் பதிலாக வரும் பணத்துக்குச் சான்றாகக் காட்டுவது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அது அப்படியே இருக்க, அதற்கு மேல்தான் இந்தப் பணம். அமைப்பில் இது நக்ரியைச் சேர்ந்ததல்ல, இந்தூரைச் சேர்ந்தது. தகுதிப் பட்டியல் போட்டது மட்டும் இந்தூரிலிருந்து விலகிய இடம். விடுபட்ட பெண்களின் மேல்முறையீட்டு மனுக்கள் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பின.

நக்ரி மக்கள் மனுவோடு நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் ஊர் ஊராகத் திரண்டு ராஞ்சியை நோக்கி நடந்தார்கள். எங்களுக்குப் பணம் வேண்டாம், பழையபடி அரிசியே கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மாதாமாதம் வங்கிக்கும் மையத்துக்கும் கடைக்கும் நடந்த அதே கால்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு சோதனையைக் கைவிட்டது. ஐந்து பேர் வீட்டுப் பெண் மறுபடியும் 25 ரூபாயோடு கடைக்குப் போனாள்.