இந்தியாவில் சிறுவர் இணையப் பாதுகாப்பு

சிறுவர் இணையப் பாதுகாப்பு என்பது 18 வயதுக்கு உட்பட்டோர் இணையத்தையும் கைப்பேசியையும் பயன்படுத்தும்போது நேரக்கூடிய பாலியல் சுரண்டல், மிரட்டல், துன்புறுத்தல், பண இழப்பு முதலிய தீங்குகளில் இருந்து அவர்களைக் காப்பதற்கான நடைமுறைகளையும் சட்டங்களையும் குறிக்கும். இக்கட்டுரையில் 'சிறுவர்' என்னும் சொல் இருபாலாரையும் சுட்டும். இந்தியாவில் இதற்கெனக் கடுமையான சட்டங்களும், முறையிடுவதற்கான அமைப்புகளும், வடிகட்டி மென்பொருட்களும் உள்ளன. எனினும், பாதிக்கப்பட்ட சிறுவர் தமக்கு நேர்ந்ததைப் பெரியவர் ஒருவரிடம் கூறும் வரை இவற்றுட் பெரும்பாலானவை செயற்படத் தொடங்குவதில்லை. எனவே, தயக்கமின்றிக் கூறக்கூடிய சூழலை வீட்டிலும் பள்ளியிலும் உருவாக்குவதே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம்.

பின்னணி

2000களில் தமிழ்நாட்டுச் சிறுவர் பலர் இணையத்தை முதலில் அறிந்தது 'பிரவுசிங் சென்டர்' எனப்பட்ட கட்டண இணைய மையங்களில் ஆகும். இந்திய அரசு 2011இல் வெளியிட்ட இணைய மைய விதிகள், அம்மையங்களில் உள்ள தடுப்புகளின் உயரம் நாலரை அடிக்கு மிகலாகாது என்றும், அடையாள அட்டை இல்லாத சிறுவர் பெரியவர் ஒருவருடன் வரவேண்டும் என்றும் கூறின. வீட்டில் கணினி வைத்திருந்தோருக்கு அக்காலத்தில் கூறப்பட்ட அறிவுரையும் இத்தன்மையதே. கணினியைக் கூடத்தில், திரை எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அது. பிறர் பார்வை படும் இடத்தில் தீங்கு நேராது என்ற கருத்தே இரண்டுக்கும் அடிப்படை.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கியபின் கைப்பேசி இணையத்தின் விலை வெகுவாகச் சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாக மாறியது. அவ்வாண்டு சூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்கள், மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடம் எனவும், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகள் எனவும் எல்லை வகுத்தன. பாடம் முடிந்தபின் கைப்பேசி என்னவாகும் என்பதை எந்த வழிகாட்டுதலாலும் வரையறுக்க இயலவில்லை. திரை கைக்குள் அடங்கிவிட்ட பின்னர், கூடத்தில் வைக்கும் அறிவுரை பயனற்றுப் போயிற்று.

இந்திய வீடுகளுக்கே உரிய மற்றொரு நிலையும் குறிப்பிடத்தக்கது. பல குடும்பங்களில் பிள்ளைகளுக்கெனத் தனிக் கைப்பேசி கிடையாது. தாய் அல்லது தந்தையின் கைப்பேசியையே அவர்கள் பயன்படுத்துகின்றனர். கணக்குகள் பெரியவர் பெயரில் இருப்பதால், நிறுவனங்கள் சிறுவருக்கென அமைத்துள்ள வயதுக் கட்டுப்பாடுகள் அங்கே செயற்படுவதில்லை. மேலைநாட்டுக் கையேடுகளைத் தழுவி எழுதப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் இதைக் கருத்திற் கொள்வதில்லை.

தீங்குகளின் வகைகள்

சிறுவர் எதிர்கொள்ளும் இடர்களை ஆய்வாளர்கள் பொதுவாக உள்ளடக்கம், தொடர்பு, நடத்தை என மூன்றாகப் பகுத்தனர். பிற்காலத்தில் வணிகச் சுரண்டலைக் குறிக்கும் 'ஒப்பந்தம்' என்பதும் நான்காவதாகச் சேர்க்கப்பட்டது. தகாத காட்சிகளைக் காண நேர்வது முதல் வகை. தீய நோக்குடைய பெரியவர் அணுகுவது இரண்டாவது. சிறுவர் தமக்குள் ஒருவரையொருவர் இழிவுபடுத்துவது மூன்றாவது. விளையாட்டுகளில் பணம் செலவழிக்கத் தூண்டுவது, தனிப்பட்ட தகவல்களைத் திரட்டுவது போன்றவை நான்காவதில் அடங்கும்.

இவற்றுள் பெற்றோர் மிகக் குறைவாக அறிந்திருப்பது 'வசப்படுத்தல்' எனப்படும் முறையாகும். இது முதலில் மிரட்டலாகத் தொடங்குவதில்லை. விளையாட்டுச் செயலி ஒன்றிலோ சமூக வலைத்தளத்திலோ ஒருவர் நட்பாகப் பேசுவார். பெரும்பாலும் தாமும் அதே வயதினர் என்பார். பாராட்டுவார், வீட்டுக் குறைகளைப் பொறுமையாகக் கேட்பார். பின்னர் பொது இடத்திலிருந்து தனி உரையாடலுக்கு அழைத்துச் செல்வார். 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று சிறு இரகசியம் ஒன்றைக் காக்கச் செய்து பார்ப்பார். அதன் பின்னரே படம் கேட்பது நிகழும். முதற் படம் கிடைத்ததும் நட்பு மிரட்டலாக மாறும். மேலும் படங்கள் அல்லது பணம் தரவேண்டும், இல்லையேல் வகுப்புத் தோழர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிவிடுவேன் என்பதே வழமையான மிரட்டல். பணம் கொடுத்தவரிடம் மேலும் கேட்பதே இக்குற்றவாளிகளின் வழக்கமாதலால், பணம் கொடுப்பதால் சிக்கல் தீர்வதில்லை. இதிற் சிக்குவோர் பெண் பிள்ளைகள் மட்டும் அல்லர். பணத்துக்காக மிரட்டப்படுவோருள் பதின்ம வயது ஆண் பிள்ளைகளும் பலர்.

படம் அனுப்பாத சிறுவரும் இன்று இதற்கு ஆளாகலாம். பொதுவில் உள்ள ஒரு முகப்படத்தைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வழியாகப் பொய்ப் படம் உருவாக்குவது எளிதாகிவிட்டது. பள்ளி விழாப் படங்களைப் பெயருடனும் வகுப்புடனும் இணையத்தில் இடும் பள்ளிகளும், பிள்ளையின் படங்களை எல்லோரும் காணும்படி பகிரும் பெற்றோரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சிறுவர் கூறாமைக்கான காரணங்கள்

மிரட்டுபவரின் வலிமை அவரிடம் உள்ள படத்தில் மட்டும் இல்லை. பெற்றோர் அறிந்தால் என்ன நேரும் என்று பிள்ளை அஞ்சுவதிலும் உள்ளது. கைப்பேசி பறிக்கப்படும் என்பது இவ்வச்சங்களுட் சிறியது. பெண் பிள்ளையாயின் படிப்பே நிறுத்தப்படலாம், 'நீ ஏன் பேசினாய்' என்ற கேள்வியே முதலில் எழலாம், செய்தி ஊராருக்குத் தெரிந்துவிடலாம். ஆண் பிள்ளையாயின் கேலிக்கு ஆளாகலாம். இவ்வச்சங்கள் பெரும்பாலும் பொய்யல்ல என்பதே இதிலுள்ள துயரம். வேறொரு பிள்ளைக்கு நேர்ந்ததைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்ளும் முறையிலிருந்தே, தனக்கு நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பிள்ளை கணித்துக்கொள்கிறது. செய்தித்தாளில் வந்த சிறுமியைக் குறைகூறும் தந்தையிடம் அவருடைய மகள் பின்னாளில் எதையும் சொல்லமாட்டாள்.

பெற்றோரின் பங்கு

சிறு வயதினருக்குக் கட்டுப்பாடுகள் பயன்படும். கூகுளின் 'ஃபேமிலி லிங்க்', ஆப்பிள் கருவிகளில் உள்ள 'ஸ்கிரீன் டைம்' போன்றவற்றால் செயலிகளை நிறுவுவதற்கு ஒப்புதல் கோரச் செய்யலாம், நேர எல்லை வகுக்கலாம். பகிர்ந்து பயன்படுத்தப்படும் கைப்பேசியில் வங்கி, பணப் பரிமாற்றச் செயலிகளுக்குத் தனிப் பூட்டு இடுவதும், ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் கூறலாகாது என்று பிள்ளைக்குக் கற்பிப்பதும் தேவை. ஆனால் வடிகட்டி மென்பொருள் காட்சிகளைத் தடுக்கவல்லதே தவிர, நட்பாகப் பேசும் ஒருவரை அடையாளம் காண்பதில்லை. பதின்ம வயதினர் இக்கட்டுப்பாடுகளைக் கடக்கும் வழிகளை நண்பர்களிடமிருந்து விரைவிற் கற்றுக்கொள்வதும் உண்டு. உரையாடல்களை மறைவாகப் படிப்பது கண்டறியப்பட்டால், பிள்ளை வேறொரு கணக்கைத் தொடங்கிவிடும். பெற்றோர் அதன்பின் எதையும் அறிய இயலாது.

பிள்ளை ஆடும் விளையாட்டைப் பெற்றோரும் உடனிருந்து ஆடிப் பார்ப்பது, அதில் அயலார் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை அறிய எளிய வழியாகும். தவறு செய்திருந்தாலும் வந்து கூறினால் தண்டனை இல்லை என்று முன்கூட்டியே வாக்களித்தல் நன்று. சிக்கல் நேர்ந்தபின் அளிக்கும் வாக்குறுதியைப் பிள்ளை நம்புவது கடினம். பிள்ளை உண்மையில் வந்து கூறும் நாளில், முதற் சில நிமிடங்களில் பெற்றோர் காட்டும் முகமே மீதியை அப்பிள்ளை கூறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வேளையில் கைப்பேசியைப் பறிப்பதும் கணக்கை அழிப்பதும் சான்றையும் சேர்த்து அழித்துவிடும்.

பள்ளிகளின் பங்கு

2021 மே மாதத்தில், சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது இணையவழி வகுப்புகளில் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. முன்னாள் மாணவியரும் தம் பட்டறிவுகளை வெளியிட்டதே இது பரவலாகத் தெரியவரக் காரணம். அதனைத் தொடர்ந்து இணையவழி வகுப்புகளைப் பதிவுசெய்து ஆய்வு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது.

பள்ளிகள் பெரிதும் கவனிக்காத ஒன்று வகுப்பு வாட்சப் குழுக்கள் ஆகும். ஒரு குழுவிற் சேர்க்கப்படும் மாணவரின் தொலைபேசி எண் அக்குழுவில் உள்ள அனைவருக்கும் தெரியவருகிறது. வாட்சப் நிறுவனமே 13 வயதுக்கு உட்பட்டோர் தாமாகக் கணக்கு வைத்திருக்க அனுமதிப்பதில்லை; ஆயினும் தொடக்கப் பள்ளி வீட்டுப்பாடங்கள் அதன்வழியே அனுப்பப்படுகின்றன. நிருவாகி மட்டுமே செய்தி இடக்கூடியதாக அமைத்தல், பெற்றோர் எண்களை மட்டும் சேர்த்தல், ஆசிரியர் மாணவருடன் தனி உரையாடலில் ஈடுபடுவதைத் தவிர்த்தல் ஆகியன செலவில்லாத திருத்தங்கள்.

மாணவர் ஒருவரின் படம் பள்ளிக்குள் பரவும்போது தவறுகள் மிகுதியாக நேர்கின்றன. விசாரிக்கும் ஆசிரியர் அப்படத்தைச் சான்றுக்காகத் தம் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்வது அவற்றுள் ஒன்று. சிறுவரின் ஆபாசப் படத்தைச் சேமிப்பதும் அனுப்புவதும் சட்டப்படி குற்றமாதலால், கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படம் உள்ள கருவியைக் காவல்துறையிடம் ஒப்படைப்பதே முறை. பள்ளியின் பெயர் கெடும் என்று பாதிக்கப்பட்ட மாணவியை மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்லச் சொல்வது மற்றொன்று. இதனைக் காணும் ஏனைய மாணவர் எவரும் பிறகு பள்ளியிடம் எதையும் கூறமாட்டார்கள். படத்தைப் பரப்பிய மாணவரும் குற்றம் இழைத்தவரே. எனினும் 18 வயது நிரம்பாதவராதலால் அவர் தொடர்பான வழக்கு இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குச் செல்லும்.

சட்டங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 67பி பிரிவு, சிறுவரைப் பாலியல் வகையிற் காட்டும் படங்களை வெளியிடுவது, தேடுவது, தரவிறக்குவது ஆகியவற்றுடன் சிறுவரை அந்நோக்கில் இணைய உறவுக்கு இழுப்பதையும் குற்றமாக்குகிறது. முதல் முறை குற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறையும் 10 இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

போக்சோ எனப்படும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 11ஆம் பிரிவு, சிறுவரின் உண்மையான படத்தை மட்டுமன்றிப் புனையப்பட்ட படத்தைக் காட்டி மிரட்டுவதையும் பாலியல் தொல்லையாகக் கொள்கிறது. 19ஆம் பிரிவின்படி இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தம் கீழ்ப் பணிபுரிவோர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

பெற்றோர் பலர் காவல்நிலையத்துக்கு அஞ்சியே முறையிடுவதில்லை. ஆனால் இச்சட்டத்தின்படி பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் பதிவுசெய்ய வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடுவது 23ஆம் பிரிவின்படி குற்றம்.

சிறுவர் ஆபாசப் படத்தைத் தரவிறக்கித் தனிமையிற் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் நீக்கியது. அப்படங்கள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தை மீது இழைக்கப்பட்ட கொடுமையின் பதிவாதலால், 'சிறுவர் ஆபாசம்' என்னும் தொடரைக் கைவிட்டு, 'சிறுவர் பாலியல் சுரண்டல் மற்றும் கொடுமைப் பொருள்' என்று பொருள்படும் தொடரைப் பயன்படுத்தவும் அது அறிவுறுத்தியது.

2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

தடைகளும் பீதிகளும்

2017இல் 'நீலத் திமிங்கலம்' என்னும் விளையாட்டு சிறுவரைத் தற்கொலைக்குத் தூண்டுவதாக இந்தியா முழுவதும் அச்சம் பரவியது. மத்திய அரசு அதன் இணைப்புகளை நீக்க ஆணையிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆயினும் பின்னர் அமைக்கப்பட்ட குழுவால், ஆய்வு செய்யப்பட்ட இறப்புகளில் அவ்விளையாட்டின் பங்கை உறுதிசெய்ய இயலவில்லை. பள்ளிகள் அனுப்பிய எச்சரிக்கைச் சுற்றறிக்கைகள் அதனை அறியாதிருந்த சிறுவருக்கும் அதன் பெயரைக் கொண்டுசேர்த்தன என்பதே மிச்சம். ஒரு பிள்ளையின் மனச்சோர்வுக்கான காரணத்தை விளையாட்டில் தேடும்போது, வீட்டிலும் வகுப்பிலும் உள்ள காரணங்கள் கண்ணில் படாமற் போகின்றன.

மதுரைக் கிளை 2019 ஏப்பிரலில் டிக்டாக் செயலியின் தரவிறக்கத்துக்கு விதித்த தடை சில வாரங்களில் நீக்கப்பட்டது. 2020 சூனில் மத்திய அரசு அச்செயலியை நாட்டுப் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடைசெய்தது. குறுங்காணொளி பார்க்கும் வழக்கம் வேறு செயலிகளுக்கு இடம்பெயர்ந்தது. ஆத்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் முதன்மையான சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருப்பதற்கான தடை 2025 திசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. தடையை மீறிக் கணக்குத் தொடங்கிய பிள்ளை, சிக்கலில் அகப்படும்போது அதை வெளியிற் கூற மேலும் அஞ்சும் என்பது இத்தகைய தடைகள் மீது கூறப்படும் குறைகளுள் ஒன்று.

முறையிடும் வழிகள்

1098 என்ற சிறுவர் உதவி எண்ணைப் பிள்ளைகள் தாமே கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417 என்ற கல்வித்துறை உதவி எண்ணும் உண்டு. தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில், சிறுவர் தொடர்பான பாலியல் உள்ளடக்கங்களைப் பற்றி முறையிடுவோர் தம் பெயரை வெளியிடாமலும் முறையிடலாம். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது. மிரட்டலுக்கு அஞ்சிப் பணம் அனுப்பியிருந்தால் உடனே அவ்வெண்ணை அழைத்துப் பணப் பரிமாற்றத்தை நிறுத்த முயலலாம்.

படம் பரவும் என்று அஞ்சுவோருக்கு, அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவருக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவை உள்ளது. படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பயனரின் கருவியிலேயே படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் கணிக்கப்பட்டு, அவ்வடையாளம் மட்டும் இதிற் பங்குகொள்ளும் தளங்களுக்கு அனுப்பப்படுகிறது. அதே படம் அத்தளங்களிற் பதிவேற்றப்பட்டால் கண்டறிந்து நீக்க அது உதவுகிறது. தனிப்பட்ட குறியாக்க உரையாடல்களில் அனுப்பப்படும் படங்களை இதனால் தடுக்க இயலாது.

பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் இருந்தாலோ, உயிர் வாழ விருப்பமில்லை என்பதுபோற் பேசினாலோ, காவல்துறை நடவடிக்கைக்குக் காத்திராமல் 14416 என்ற 'டெலி மானசு' மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசும் வசதி உண்டு.